கோட்டுக்குள் போன கத்தரி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, என் முட்டிவலி மூவரும் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். சுகமில்லாதது என் மானம் மட்டும்தான், போன செவ்வாய்க்கிழமை கடையில் எல்லோர் முன்னாலும் அது தையல் விட்டுவிட்டது. அதைச் சொல்லிவிட்டுத்தான் நீ கேட்டதற்கு வர முடியும், பொறுத்துக்கொள்.

நான் நூல் வெட்டும் குட்டிக் கத்தரி ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் அதால் பொம்மைக்கு மொட்டை போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாயே, அதேதான். அது காணாமல் போனது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் குற்றவியல் படிக்கிற பெண்ணைப் பெற்றவன் இல்லையா, நானே துப்புத் துலக்க இறங்கிவிட்டேன். துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியைப் பொடி பண்ணி மேஜை மேலெல்லாம் தூவி, என் கண்ணாடிக்கு மேல் உன் அம்மாவின் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு கைரேகை தேடினேன். தும்மல்தான் கிடைத்தது. மேஜை மேலெல்லாம் என்று எழுதினேன், பொய். இஸ்திரிக்காரர் மேஜையில் மட்டும்தான் தூவினேன். அவர் நம் கடைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது, அதற்கு முன் நாலு வருஷம் ஜெயிலில் இருந்தவர், அதை முதல் நாளே அவர் வாயாலேயே சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தார். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் அக்கா, அதென்ன அண்ணே அங்கே மட்டும் பூசை என்று கேட்க, எறும்பு வருதும்மா என்று சமாளித்தேன். இஸ்திரிக்காரர் ஈரத்துணியால் மேஜையைத் துடைத்தார். மறுநாள் எறும்பு மருந்து டப்பா ஒன்று வாங்கிவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, இது நல்லா கேட்கும் அண்ணே என்றார்.

செவ்வாய்க்கிழமை பேங்க் மேனேஜர் நான் தைத்த புதுக் கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். கை தூக்கினாலே தோளில் குத்துதுய்யா, கூட்டத்தில் ஆதரவுன்னு கை தூக்கி அலறினேன், கடும் எதிர்ப்புன்னு எழுதிக்கிட்டாங்க என்றார். பிரித்துப் பார்த்தால் தோள் பஞ்சுக்குள் என் கத்தரி. நானே உள்ளே வைத்துத் தைத்திருக்கிறேன், அதுவும் இரட்டைத் தையல். காஜா அக்கா சிரித்த சிரிப்பில் பட்டன் டப்பா கவிழ்ந்தது. இஸ்திரிக்காரரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

இனி உன் விஷயம். படிப்பு முடிகிறது, இரண்டு வேலை வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றுக்குச் சரி சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தாய். போலீஸ் தலைமை அலுவலகத்தில் எந்தத் தெருவில் என்ன குற்றம் நடக்கிறது என்று ஆராய்கிற வேலை உன் அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. ஏசி ரூம், கழுத்தில் அட்டை, கல்யாண வீட்டில் சொன்னால் நாற்காலி போடுவார்கள். ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்துக் கூடவே நிற்கிற மற்ற வேலையைப் பற்றிக் கேட்டதும் அவள், அந்த ஆட்களோட அலையவா இவ்வளவு படிச்சா, வேண்டாம்னு எழுதுங்க, போன்ல பேசினா நீங்க வழுக்கிடுவீங்க என்று பேனாவையும் கையில் கொடுத்துவிட்டாள். நானும் வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீ ஒரு தடவை போனில், கைரேகை எல்லாம் வேற படிப்புப்பா, ஒருத்தர் ஏன் தப்புக்குப் போறார், ஊர் ஏன் சிலரை மட்டும் முதல்ல சந்தேகப்படுதுங்கறதுதான் எங்க பாடம் என்று விளக்கினாயே, அப்போது நான் ம்ம் கொட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கத்தரி முனையில் அந்தப் பாடம் ஏறியிருக்கிறது. அந்த வேலைக்கே போம்மா. இவரை வேலைக்கு வையுங்கள் என்று கடை கடையாக ஏறி இறங்குவாய், உள்ளே என்னை மாதிரி ஒரு ஆள் சாக்குப் பொடியோடு உட்கார்ந்திருப்பான், அவனை விடாதே. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அதாவது நீ பேசு, நான் பக்கத்தில் நிற்கிறேன்.

எடுத்த காரியம் எல்லாம் உனக்குக் கைகூடட்டும், எங்கள் ஆசி என்றைக்கும் உண்டு. உனக்கு அனுப்பிய குளிர் கோட்டைப் போடுவதற்கு முன் தோள் இரண்டையும் ஒருமுறை அமுக்கிப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
இரட்டைத் தையல் போட்ட உன் அப்பா

பின்குறிப்பு: அந்த எறும்பு மருந்து டப்பா இன்னும் பிரிக்காமல் என் மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது. தினமும் அதைப் பார்த்துவிட்டு இஸ்திரிக்காரர் பக்கம் திரும்பி வாயைத் திறக்கிறேன், பெட்டி சூடாயிடுச்சா என்றுதான் வருகிறது. கடையில் எறும்பே கிடையாது என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.