கையைக் கண்டு எழும்பின சனம்

சேசு மரி சூசை

ஊர்காவற்றுறை
19.01.1975

அன்பு மகள் ஜசிந்தாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் நானும் உன் ஐயாவும் தங்கச்சி யோசப்பினும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் செபமாலை சொல்லும்போதெல்லாம் கேட்கிறேன். நத்தாருக்கு நீ அனுப்பிய அட்டை தை பிறந்த பிறகுதான் வந்து சேர்ந்தது, அதோடு வந்த படத்தில் கழுத்தெலும்பு அப்படித் தெரிகிறது பிள்ளை. லண்டனில் ஊராருடைய நோயாளிகளுக்கெல்லாம் சாப்பாடு கொடுக்கிறாய், நீ சாப்பிடுகிறாயா? வெறும் தேத்தண்ணியோடு வேலைக்கு ஓடாதே. இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி, நர்சுக்கு அம்மா வைத்தியம் சொல்லுகிறா என்று சிரித்தாலும் பரவாயில்லை, குடி.

போன கடிதத்தில் யோசப்பினைக் கொழும்புப் பக்கம் இருக்கிற, காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடச் சொல்லி எழுதியிருந்தாய். நான் மறுமொழி எழுதாமல் விட்டது கோபத்தில் இல்லை. சரி, கொஞ்சம் கோபம்தான். நீ நல்லதுக்குத்தான் சொன்னாய், அந்தப் பள்ளிக்கூடத்தை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் ஏழு வயதுப் பிள்ளையைக் கண்காணாத இடத்தில் விட்டுவிட்டுத் திரும்ப என்னால் ஏலாது. நீ எழுதினது ஒரு பக்கம் என்றால் எங்கள் பெரிய வாத்தியார் பரமலிங்கம் மாஸ்ரர் மறுபக்கம். காரைநகரில் இருந்து தினமும் கடலில் பாதைப் படகு ஏறி வருகிற மனிசன், நேரம் தவறாதவர், கெட்டவர் என்று சொல்ல ஏலாது. ஐப்பசியில் என்னைக் கூப்பிட்டு, முதலாம் வகுப்பிலேயே இவளை இரண்டாந்தரமும் இருத்திப் பார்த்தாச்சு, பேசவும் தெரியாத கேக்கவும் ஏலாத பிள்ளைக்கு நாங்கள் என்னத்தைப் படிப்பிக்கிறது, தையோட பேரை எடுத்துவிடுவம், நீர் வீட்டில வைச்சிருந்து ஒரு வேலையைப் பழக்கும் என்று சொன்னார். வாய்க்கு வாய் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன், ஆனால் வழியெல்லாம் அழுகை. ஐயா வலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கிழிசல் பொத்தத் தொடங்கிவிட்டார். உனக்குத்தான் தெரியுமே அவருடைய கவலை.

இந்த நேரத்தில்தான் முதலாம் வகுப்புக்குச் சறோஜினிதேவி ரீச்சர் வந்தா. வட்டுக்கோட்டைப் பக்கத்துச் சைவப் பிள்ளை, மீனைக் கண்டால் மூக்கைப் பொத்துவா. சரஸ்வதி பூசைக்கு நவதானியத்தை ஊறவைத்து முளை எண்ணவிட்டு, அதை வைத்தே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாவாம். மார்கழியில் பள்ளிக்கூடத்து நத்தார் ஒளிவிழாவுக்கும் தானே சேசுபாலன் பிறந்த கூடு கட்டப்போகிறேன் என்றவுடன் எனக்குப் பகிடியாக இருந்தது, திருநீறு பூசின பிள்ளைக்குப் பாலன் கூட்டில் என்ன தெரியும் என்று வாய்விட்டே சொன்னேன். சொன்ன வாயை இப்போது நானே அடிக்க வேண்டும். வகுப்பு முழுக்கக் களிமண்ணும் ஈர்க்கும் கலர் ரிசுப் பேப்பரும்தான். ஆட்டுக்குட்டி செய்து எண்ணுவது, நட்சத்திரக் கூட்டுக்குத் தடி அளந்து வெட்டுவது, அட்டையில் எழுத்து வெட்டிச் சோடனை கட்டுவது, எல்லாம் கண்ணுக்கும் கைக்கும் வேலை. கரும்பலகையைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்த எங்கள் சின்னவள் இருபது ஆட்டுக்குட்டியை எண்ணி அடுக்கி, ஒன்றைப் பக்கத்துப் பெட்டை ஒளித்து வைத்ததற்கு அவளுடைய தலைமயிரைப் பிடித்து இழுத்திருக்கிறாள். ரீச்சர் அந்த இழுப்பைச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டா, நான்தான் மற்றத் தாயிடம் ஏச்சு வாங்கினேன்.

அங்கே ரீச்சர் இன்னொன்றும் கண்டா. எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் இவளோடு கையால் பேசுகிறார்கள் என்று. காற்றுக்குள் கூப்பிட்டால் கேட்காது என்று ஐயாவும் மற்றவர்களும் வள்ளத்துக்கும் கரைக்கும் இடையில் கையைக் காட்டுகிற பேச்சு இந்தக் கரையில் எல்லாருக்கும் வரும்தானே. வா, நில், காற்று மாறுது, மீன் இல்லை, எல்லாம் பிள்ளைகளுக்கும் தண்ணீர்பட்ட பாடு. ரீச்சர் பிள்ளைகளிடமே அதைக் கேட்டுப் பழகி, ஒளிவிழா நாடகத்தை ஒருவரும் வாய் திறக்காமல் கையாலேயே நடிக்கிற மாதிரி ஆக்கிப்போட்டா. யோசப்பின்தான் வானத்தில் இருந்து வருகிற சம்மனசு. இடையர்களை எழுப்பிப் பாலனிடம் கூப்பிடுகிற வேலை.

ஒளிவிழா அன்று மண்டபம் நிறையச் சனம். பங்குச் சுவாமியும் பெரிய வாத்தியாரும் முன்னுக்குக் கதிரையில். ஆம்பிளைகள் கடலுக்குப் போகாமல் கடைசி வரிசை வாங்குகளில் இருந்து அரைக்கண்ணில் தூங்கி வழிகிறார்கள், ஐயாவும்தான். என்னுடைய வெள்ளைச் சீலையை வெட்டித் தைத்த சட்டையும் அட்டைச் சிறகுமாக யோசப்பின் மேடையில் இருந்த வாங்கில் ஏறி நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் உயர்த்தி நெஞ்சுக்கு இழுத்தாள். எல்லாரும் வாருங்கோ என்று. கரைவலை கரைக்கு வரும்போது வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி காட்டுகிற அதே கை. அந்தக் கையைக் கண்டால் யாருடைய வலை என்று கேளாமல் போய்க் கயிற்றைப் பிடிக்கிறது இந்தக் கரையின் வழக்கம் என்று உனக்குத் தெரியும். மேடையில் படுத்திருந்த இடையப் பிள்ளைகள் எழும்ப முந்தி, கடைசி வாங்குச் சனம் எழும்பிவிட்டது! இன்னாசித்தம்பிச் சம்மாட்டி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே போய்விட்டார், பின்னால் மற்ற ஆம்பிளைகள், உன் ஐயா ஒற்றைச் செருப்போடு. பெண்டுகள் சிரித்த சிரிப்பில் பாட்டுக்காரப் பிள்ளைகளுக்குப் பாட்டே மறந்துபோனது. இன்னாசித்தம்பி மற்றவர்களோடு திரும்பி வாசலில் வந்து நின்று, கையைக் கண்டால் கால் நிக்காது சுவாமி, குறை நினைக்காதேங்கோ என்று தலையைச் சொறிந்தார்.

சின்னவள் சிரிக்கவில்லை பிள்ளை. அவளுக்கு அது பிழையாகவே படவில்லை. வா என்றேன், எழும்பினார்கள், ஏன் அங்கேயே நிற்கிறார்கள் என்ற மாதிரி முகத்தைச் சுழித்துக்கொண்டு, திரும்பவும் திரும்பவும் கையை இழுத்துக் கூப்பிட்டாள். ஒருவரும் வராமல் அவள் கையை இறக்கமாட்டாள் என்று விளங்கி, மடித்துக் கட்டின சாரத்தோடேயே அத்தனை ஆம்பிளைகளும் மேடையில் ஏறிப் பாலன் கூட்டுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார்கள். சுவாமி கண்ணைத் துடைத்தார், சிரிப்போ அழுகையோ தெரியாது. பெரிய வாத்தியார் மட்டும் அசையவில்லை. நாடகம் குழம்பிப்போச்சு, இனிப் பேரை வெட்டத்தான் போகிறார் என்றே நினைத்தேன். நத்தார்ப் பலகாரம் சுட்டும் வாய்க்கு ருசிக்கவில்லை.

பள்ளிக்கூடம் துவங்கின அன்று சண்டைக்கு ஆயத்தமாகத்தான் போனேன். ஒரு வார்த்தை பேசவிடவில்லை அந்த மனிசன். நானும் தலை நரைக்கும் வரை படிப்பிக்கிறன், நான் வா எண்டு கூப்பிட்டு இவ்வளவு சனம் ஒருநாளும் எழும்பேல்லை, பேசத் தெரியாத பிள்ளை எண்டு நான் இனி என்னெண்டு சொல்லுறது, இரண்டாம் வகுப்பில கொண்டுபோய் இருத்தும் என்றார். சறோஜினிதேவி ரீச்சரையும் இரண்டாம் வகுப்புக்கு மாற்றிவிட்டாராம். எனக்குச் சண்டை பிடிக்க ஒன்றுமில்லாமல் போய்விட்டது. வாசலில் நின்று பார்த்தேன். பெரிய வாத்தியாரே பேர் கூப்பிட்டார். யோசப்பினுடைய முறை வந்தபோது வாயால் கூப்பிடவில்லை, கையைத் தூக்கினார், தூக்கின விதம் சரியில்லை, நுளம்பு விரட்டுகிற மாதிரி இருந்தது. அவள் எழும்பி, ஓம் என்று கையால் மறுமொழி சொல்லிவிட்டு, கிட்டப் போய் அவருடைய முழங்கையைப் பிடித்துச் சரியாக்கிவிட்டு வந்து இருந்தாள். நான் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. வாசிப்பு இன்னும் பிந்தித்தான், ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு என்ன செய்வது என்றும் தெரியாது. அப்போது நீ சொன்ன பள்ளிக்கூடத்தை யோசிப்போம், அவள் தானே விளங்கிச் சம்மதித்துப் போகிற வயது வரட்டும். இப்போதைக்கு இங்கேதான். பெரிய படங்கள் போட்ட புத்தகம் கிடைத்தால் அனுப்பு, ரீச்சர் கேட்டா.

ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. மாதாவும் அந்தோனியாரும் உன்னைக் காப்பாற்றட்டும், ஐயாவின் ஆசீர்வாதமும் உண்டு. ஒன்றை மறக்காதே. ஆடியில் லீவில் வருவதற்கு முந்தி, அங்கே போய் மறந்துபோன கைப்பேச்சைக் கொஞ்சமாவது திரும்பப் பழகிக்கொண்டு வா. உன் படத்தை வைத்துக்கொண்டு, அக்கா வந்து என்னோடு என்ன பேசுவா என்று சின்னவள் கையால் கேட்கிறாள். நான் என்ன சொல்ல? இந்த வீட்டில் பேசத் தெரியாத பிள்ளை இப்போது நீ ஒருத்திதான்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடி இருக்கும் அம்மா
ப. ஞானசவுந்தரி