ஒரே எண்ணில் இரண்டு பேர்

மார்ச் 3, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. நோட்டில் இருக்கும் கண்ணாடி பவர்களைக் கணினியில் ஏற்ற ஆரம்பித்தேன். பைத்தான் நிரல்மொழியில் டிக்‌ஷ்னரி என்று ஒன்று உண்டு. சதுர அடைப்புக்குள் சாவி, ஒரு சமக்குறி, பிறகு மதிப்பு. ஒரே வரிதான். பின்னால் சாவியைக் கொடுத்தால் மதிப்பு வந்து நிற்கும். வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணையே சாவியாக வைத்தேன். எண்ணை அவர்களே சீட்டில் எழுதிவிடுவார்கள். பெயர் என்றால் நான் வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

மார்ச் 4

நாற்பத்தொன்று சேர்த்தேன்.

மார்ச் 6

நோட்டு முழுவதும் ஏறிவிட்டது. லென்ஸ் தேய்க்கிற அண்ணன் எட்டிப் பார்த்தார். அவருடைய கண்ணாடியே அவ்வளவு தடிமன், எல்லாரும் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். "ஒன்பதாவதோட நின்ன பொண்ணு செய்ற வேலையா இது?" என்றார். கிண்டலா, பாராட்டா? தெரியவில்லை. முதலாளி அக்கா நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார். இனி கணினி அச்சடிக்கும் சீட்டுதான்.

மார்ச் 12, வியாழன்

பேருந்து ஓட்டுநர் திரும்பி வந்தார். பழைய பவரிலேயே புதுக் கண்ணாடி கேட்டிருந்தவர். "போட்டா ரோடே தண்ணிக்குள்ள ஆடுற மாதிரி இருக்கு. திங்கக்கிழமை டிப்போல எனக்குக் கண் டெஸ்ட்டு" என்றார்.

அக்கா நேராகப் பூதக்கண்ணாடி அண்ணனிடம் போனார். "தப்பாப் போற மூணாவது லென்ஸ் இது. சனிக்கிழமையோட நின்னுக்கோங்க."

"சீட்டுல இருந்ததைத்தான்க்கா தேய்ச்சேன்."

சீட்டு என்னுடையது. அக்கா போனதும் ஓட்டுநரின் எண்ணைத் தட்டிப் பார்த்தேன். வந்தது அவருடைய மகளின் பவர். போன சனிக்கிழமை அவள் கண்ணாடி வாங்க வந்தாள். வீட்டுக்கு ஒரே போன் – அப்பாவின் எண்ணைத்தான் எழுதிக் கொடுத்தாள். இருக்கிற சாவியில் புதிய மதிப்பை வைத்தால் பழையது போய்விடுகிறது. பிழை காட்டவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. எண்ணிப் பார்த்தேன். நான் சேர்த்தவை இருநூற்று அறுபத்து மூன்று. உள்ளே இருப்பவை இருநூற்று ஐம்பத்தொன்று.

பன்னிரண்டு பேரைக் காணோம். யாருக்கும் தெரியாது. நான் சும்மா இருந்தால் அப்படியே போய்விடும். அண்ணனும் போய்விடுவார். நாளைக்குச் சொல்லிடணும். சொல்லுவேனா நான்?

மார்ச் 13

சொல்லவில்லை.

மார்ச் 14, சனி

அண்ணன் தன் சாமான்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ.

"என்னடி, ஜுரமா?"

"அண்ணன் மேல தப்பில்லக்கா. நான்தான். பொண்ணைச் சேத்தப்ப அப்பா அழிஞ்சுட்டாரு."

"அழிஞ்சுட்டாரா?" அக்கா சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அலமாரியைத் திறந்தார். "பேரைக் கேட்டு வெச்சிருக்கலாம்ல?"

"கேக்க பயமா இருந்துச்சு."

அண்ணன் பையைக் கீழே வைத்தார். "பயத்தை அப்புறம் பாக்கலாம். அந்த டிரைவரோட பவரைப் படி." நோட்டிலிருந்து படித்தேன். அவர் மெஷினைப் போட்டார்.

மார்ச் 15

இப்போது எண்ணும் பெயரும் சேர்ந்துதான் சாவி. சேர்ப்பதற்கு முன், அது ஏற்கனவே உள்ளே இருக்கிறதா என்று பார்க்க ஒரு வரி. இருந்தால் நின்று என்னைக் கேட்கும். பெயரை மட்டும் நான்தான் கேட்டாக வேண்டும். அதற்கு நிரல் இல்லை.

மார்ச் 17

ஓட்டுநர் டெஸ்ட்டில் தேறிவிட்டாராம்.

மார்ச் 24, செவ்வாய்

பத்தொன்பது சேர்த்தேன், பத்தொன்பதும் உள்ளே இருக்கிறது. மத்தியானம் வந்த பெரியவரிடம், "கண்ணாடி உங்களுக்கா? பேரு சொல்லுங்க" என்றேன்.

"மெதுவாக் கேளும்மா" என்றார். "எனக்குக் கண்ணுதான் மங்கல். காது நல்லாவே கேக்குது."