அப்பா குரலில் ஜெபம்

ஜூன் 3, செவ்வாய்

கணக்கு சார் குரலில் ஜன்னல் வழியாக "எல்லாரும் கிரவுண்டுக்குப் போங்க" என்றேன். பக்கத்து வகுப்பு மொத்தமும் போய்விட்டது. கணக்கு சாரும் எட்டிப் பார்த்துவிட்டார். பிற்பகல் முழுக்க வராந்தாவில் நின்றேன். குரல் உடைந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான். முன்பெல்லாம் கீச்சுக் குரலில் டீச்சர்கள் மாதிரி மட்டும்தான் பேசிக் காட்ட முடியும்.

மாலையில் குளித்துக்கொண்டே "துண்டு எடுத்துட்டு வா" என்று கத்தினேன். தங்கை பொடியிடம்தான் சொன்னேன். அம்மா ஓடி வந்தாள், அடுப்படியில் ஏதோ கீழே விழ விழ. கதவுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டாள். "நீயாடா" என்றாள். துண்டைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போனாள்.

நான் அப்பா மாதிரி காட்டவில்லை. சத்தியமாக. அதுவாக வந்தது.

ஜூன் 6, வெள்ளி

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களையெல்லாம் ஏற்றி இறக்குகிறவர், ஏப்ரலில் பெட்டியோடு எங்கள் மாடிப்படி இறங்கியவர்தான், இன்னும் ஏறவில்லை. உதிரிபாகக் கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலுக்கு வந்து என்னையும் பொடியையும் கூட்டிப்போவார். உள்ளே வருவதில்லை. அம்மா பக்கவாசல் வழியாகப் போய்விடுவாள்.

பொடிக்கு ஆறு வயது. ஆள்தான் பொடிசு, பேசினால் பொடி வைத்துத்தான் பேசுவாள். எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். அம்மா, நான், பொடி என்று ஒவ்வொருவராக ஜெபித்ததும் அப்பா முடித்து வைப்பார். அவர் போனதிலிருந்து பொடி பாயைவிட்டு எழுவதில்லை. சாப்பிட வருவதில்லை. இன்றும் அதே கூத்து.

"ஆண்டவர் எல்லார் ஜெபத்தையும் கேப்பாரும்மா" என்றாள் அம்மா.

"கேப்பாரு. ஆனா இன்னும் முடியலையே. அப்பா ஆமென் சொல்லலையே."

பாயிலேயே தூங்கிவிட்டாள். வெறும் வயிறு.

ஜூன் 8, ஞாயிறு

அப்பாவிடம் கேட்டேன். எட்டு மணிக்கு ஒரு போன். ரெண்டு நிமிஷம் போதும்.

"டூட்டிடா. லிஃப்டு என்ன மணி பாத்தா மாட்டிக்குது?"

"நீங்கதாம்பா மாட்டிக்கிட்டு இருக்கீங்க, ரெண்டு மாடிக்கு நடுவுல."

சிரிப்பார் என்று நினைத்தேன்.

ஜூன் 11, புதன்

செய்துவிட்டேன். மொட்டை மாடிக்குப் போய் அம்மாவின் போனுக்கு அடித்தேன். திரையில் என் பெயர்தான் விழுந்திருக்கும். அம்மா எடுத்தாள், பேசவில்லை. நான் தொண்டையைச் செருமினேன், அப்பா செருமுவது மாதிரி. அந்தப் பக்கம் அம்மாவின் குரல்: "பொடி, இந்தா. அப்பா."

"இரக்கமுள்ள எங்கள் நல்ல தகப்பனே..." அப்பா அந்தத் 'தகப்பனே'வை இழுத்து நடுவில் மூச்சு வாங்குவார். வாங்கினேன். அம்மாவின் கால் வலி, என் பரீட்சை, பொடியின் ஆடுகிற பல், எல்லாவற்றையும் அவர் வரிசையிலேயே ஒப்புக்கொடுத்தேன். ஆமென்.

பொடி தட்டைக் காலி பண்ணிவிட்டாள்.

இது பொய்யா? சொன்ன வார்த்தை ஒன்றும் பொய் இல்லை. குரல் மட்டும்தான். எந்த நம்பரிலிருந்து வருகிறது என்று ஆண்டவருக்குத் தெரியாமலா இருக்கும்?

ஜூன் 20, வெள்ளி

டியூஷன் என்றாலே ஓடுகிறவன், தினமும் எட்டு மணிக்கு டியூஷன் போகிறேன். பொடியிடம் சொல்லியிருப்பது அதுதான். அம்மாவும் நானும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. இன்று மட்டும், தட்டு வைத்துக்கொண்டே சொன்னாள் — "நேத்து ரொம்ப இழுத்துட்ட. அவர் அவ்வளவு இழுக்க மாட்டார்."

ஜூலை 2, புதன்

லைன் கிடைக்கவில்லை. பிஸி. மறுபடியும் பிஸி. இறங்கி வந்து வாசற்கதவுப் பக்கமே நின்றுவிட்டேன். போன் ஸ்பீக்கரில் அப்பா. நிஜ அப்பா. ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். தடுமாறினார், 'தகப்பனே' பாதியில் நின்றது, குரல் கம்மிப் போனது. பொடி கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்:

"அண்ணா, இன்னைக்கு நல்லாவே வரல. அப்பா இப்படியா பண்ணுவாரு? நேத்து மாதிரி பண்ணு."

பொடி போனை ஒரு தட்டுத் தட்டினாள்.

"விளையாடாதண்ணா. பசிக்குது."

கட்டாகிவிட்டது. அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆக, பொடிக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. தெரிந்தேதான் தினமும் போனை வாங்கியிருக்கிறாள். அப்பா வரட்டும் என்றுதானே இவ்வளவும் — வந்தவரை நானே துரத்திவிட்டேனா?

ஜூலை 6, ஞாயிறு

ஆலய வாசலில் அப்பா இல்லை. கேட்டைப் பூட்டும்வரை பொடி படியில் உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 9, புதன்

நான் மாடி ஏறுவதில்லை. பொடியும் கேட்கவில்லை. அம்மா ஜெபத்தை முடிக்கிறாள், பொடி அவள் பாட்டுக்கு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள். அடம் பிடித்தபோதே தேவலாம்.

ஜூலை 12, சனி

அப்பாவின் அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து நகத்து கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யார்ரா உனக்கு இதெல்லாம் பண்ணச் சொன்னது?" கோபமாகக் கேட்கவில்லை.

"யாரும் சொல்லல. நீங்க வரல. அதான் உங்களுக்குப் பதிலா உங்களையே அனுப்பி வச்சேன்."

"எங்க, பண்ணிக் காட்டு."

காட்டினேன். அப்பா முன்னாலேயே அப்பாவாக, ஆமென் வரைக்கும். அவர் கண்ணை மூடவில்லை. துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இவ்வளவு நல்லா எங்கடா பண்ணேன்" என்றார். பிறகு, "பொடி சொன்னது சரிதான். இங்க வந்ததுலேர்ந்து எனக்கு ஜெபமே வரல. வாயத் திறந்தா, உங்கம்மாகிட்ட சொல்லாம விட்டதுதான் வருது."

"அதையே சொல்லலாம்லப்பா?"

"யார்கிட்ட?"

அவர் மறுபடியும் நகத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

வெளியூரில் புதுக் கட்டடங்களாம், லிஃப்ட் மாட்டுகிற வேலையாம். மாதக் கடைசியில் கிளம்புகிறார்.

ஜூலை 13, ஞாயிறு

அப்பா வெளியூர் போகிறார் என்று அம்மாவிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள். துவைத்துக் காயப்போட்ட துணியையே மறுபடியும் வாளியில் போட்டு நனைத்திருந்தாள்.

ஜூலை 31, வியாழன்

அப்பா பஸ் ஏறிவிட்டார். ஏறுமுன் பொடியின் தலையில் கை வைத்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எட்டு மணிக்கு அம்மா ஜெபித்தாள், பொடி ஜெபித்தாள். அம்மா என்னைப் பார்த்து, "நீ முடிச்சு வை" என்றாள்.

ஆரம்பித்தேன். கால் வலி, பரீட்சை, விழுந்த பல்லுக்குப் பதில் முளைக்க வேண்டிய பல். அதற்கு மேல் வரிசை இல்லை. அப்போதுதான் உறைத்தது. அவர் குரலில் ஜெபித்த அத்தனை நாளும் அப்பாவுக்காக நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் தனக்காக எதுவும் கேட்டதே இல்லை, எனக்கு எப்படித் தெரியும்?

"அப்பாவை..." என்றேன். அப்பாவை என்ன? கொண்டுவாரும் என்பதா, காத்துக்கொள்ளும் என்பதா?

பொடி ஒரு கண்ணைத் திறந்து, "சாப்பிட்டாரான்னு கேளு" என்றாள்.

கேட்டேன். அம்மா ஆமென் சொல்லக் கொஞ்ச நேரம் ஆயிற்று.