இரண்டு பச்சை

ஜூன் 4
விடுதிக்காரர் பட்டறைக்கு வந்து திரைச்சீலை சொல்லிவிட்டுப் போனார். அறுபது திரை, பச்சை இலை அச்சு. மாதக் கடைசியில் விடுதி திறக்கிறார்களாம். "முடியுமா?" என்றார். பதினாலு வருஷமாகச் சாயத்தோடு மல்லுக்கட்டுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது! நாத்தனார்தான், "இவ்வளவு அகலத் துணி அடிச்சதில்லையே அண்ணி" என்று இழுத்தாள். தலையணை உறைக்கும் இதே கைதானே?

ஜூன் 9
பன்னிரண்டு திரை அச்சாச்சு! மேசை அகலம் ஒருத்தி கைக்கு எட்டாது. வலை கட்டிய அச்சுச் சட்டத்தைத் துணிமேல் வைத்துச் சாயம் ஊற்றி, ரப்பர் கட்டையை நான் நடு மேசை வரை தள்ள, எதிர்ப்பக்கம் நிற்கிற நாத்தனார் பிடித்துத் தன் பக்கம் இழுக்கிறாள். நடுநடுவே என்னவோ சொன்னாள். வேலை மும்முரத்தில் யார் கேட்டது?

ஜூன் 11
மானம் போச்சு. விடுதிக்காரர் நாலு திரையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். பாதித் துணி ஒரு பச்சை, மீதிப் பாதி வெளுத்த பச்சை. "என்னம்மா இது?" என்றார். என் வாய் சும்மா இருந்ததா? "வெளுத்தது அவ பக்கம் சார், அவளுக்குக் கையில வலு பத்தாது"ன்னுட்டேன். அவள் நிற்கும்போதே.

நாத்தனார் கையைக் கழுவினாள், செருப்பை மாட்டினாள், போய்விட்டாள். போகட்டுமே. உள்ளதைத்தானே சொன்னேன்.

ஜூன் 12
வரவில்லை. இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். தங்கச்சி பாசம்.

ஜூன் 13
இவரை எதிர்ப்பக்கம் நிறுத்தினேன். சைக்கிள் கடைக் கை, வலுவுக்கு என்ன குறை? காய்ந்ததும் பார்த்தால் அதே இரண்டு பச்சை! இவரிடம் கத்தினேன். "நான் ஒழுங்காத்தான் இழுத்தேன்"னு அவரும் கத்தினார்.

ஜூன் 14
இன்றைக்குப் பக்கம் மாறி நின்று ஒரு துணி அடித்தோம். கருத்த பாதியும் என் கூடவே மாறி வந்துவிட்டது. மாதிரித் துணியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன் — விடுதிக்காரர் சரியென்று சொன்னது, நாத்தனார் அடித்தது. வெளுத்தது என்று நான் சொன்ன பாதிதான் அதோடு ஒத்துப்போகிறது.

அப்போ நானா? நான்தான். வேணுங்கிறதுக்கு மேல அழுத்திச் சாயத்தை வாரி இறைச்சிருக்கேன். ஒண்ணு மட்டும் சொல்லணும், பன்னிரண்டு திரையிலயும் ஒரே அளவு கருத்த பச்சை. தப்பிலயும் என் கை பிசகலை!

ஆனா அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அவ இல்லாம அறுபது திரை ஏது?

ஜூன் 15
அவள் வீட்டுக்குப் போனேன். "அண்ணன் அனுப்பினாரா?" என்றாள் கதவைத் திறந்ததும்.

"நானாத்தான் வந்தேன். தப்பு என் பக்கம்."

"தெரியும் அண்ணி."

தெரியுமாம்! "அப்போ வாயைத் திறந்து சொல்றதுக்கென்னடி?"

"அடிக்கும்போதே ரெண்டு தடவை சொன்னேன். நீங்கதான் காதுல போட்டுக்கல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிச்சுக்கோ என்றேன். அவள் இறங்கி வரவில்லை. "விடுதிக்காரர் எதிர்ல சொன்னீங்க, அவர் எதிர்லயே மாத்திச் சொல்லுங்க. அப்புறம் வரேன்."

ஜூன் 17
விடுதிக்காரரை வரவழைத்து, அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன். "என் கைதான் சார் தப்பு. இவமேல பழியைப் போட்டேன். பன்னிரண்டையும் புதுசா அடிச்சுத் தரோம்." முழுசாகச் சொன்னேன். அரைகுறை வேலை எனக்கு எதிலும் பிடிக்காது.

ஜூன் 28
அறுபதும் விடுதியில் மாட்டியாச்சு. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஒரே பச்சைதான். பத்து நாளாக "லேசா அண்ணி, லேசா" என்று அவள் சொல்ல, நான் தள்ள — இப்படியே ஓடியது.

விடுதிக்காரர் படுக்கை விரிப்பும் எங்களுக்கே தருகிறாராம். "யார்கிட்ட பேசணும்?" என்றார். பதினாலு வருஷமாக இதைக் கேட்டால் நான்தான் முன்னால் வந்து நிற்பேன். இன்றைக்கு அவளைக் கைகாட்டினேன். வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். கொஞ்சம்தான்.

அவள் நோட்டை எடுத்து அளவு கேட்க ஆரம்பித்தாள். நான் போய்ச் சட்டத்தைக் கழுவினேன்.