இங்கே இன்னும் குளிர்காற்றுதான்

ரத்தோ கே கிராமம்
சேத் மாதம் 14

மிந்தோவின் அப்பா அவர்களுக்கு,

சத் ஸ்ரீ அகால். நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் நலம். மலை ஆஸ்பத்திரியில் உங்களுக்கு மூச்சு சீராக வர வேண்டும் என்று வாஹேகுருவை நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உறைக்குள் இரண்டு தாள் இருக்கிறது. இரண்டாவது தாள் டாக்டருக்குக் காட்ட. இது உங்களுக்கு மட்டும். பக்கத்துக் கட்டில் மாஸ்டர்ஜியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி உட்காராதீர்கள். எழுத்துக்கூட்டியாவது நீங்களே படியுங்கள்.

உங்கள் தங்கை தீபோவின் கல்யாணம் குறை இல்லாமல் முடிந்தது. பந்தியில் மாப்பிள்ளையின் சித்தி, "இளையவர் எங்க, கண்ணுலயே காணோமே?" என்று கேட்டாள். உங்கள் அண்ணன் கொஞ்சமும் அசராமல், "அவன் சிம்லாவுல ரோடு காண்ட்ராக்டுல இருக்கான், லீவு குடுக்க மாட்டேங்கிறாங்க" என்றார். நான் ஜிலேபித் தட்டோடு பக்கத்திலேயே நின்றிருந்தேன். என்னைப் பார்த்து அவள், "இப்படி ஒரு புருஷனா, தங்கச்சி கல்யாணத்துக்கு வராம!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இனி உங்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சமவெளியில் குளிர்ச்சி இருக்கும்வரை இருபது நாள் வீட்டுக்குப் போகலாம், வெயிலும் புழுதியும் தொடங்கிவிட்டால் கூடாது, ஊர் எப்படி இருக்கிறதென்று வீட்டிலிருந்து எழுதி வாங்கு என்று டாக்டர் சொன்னாரே. நீங்களும் ஆசையாசையாக எழுதினீர்கள்: "விடியக்காலையில இன்னும் போர்வை போர்த்துறியா? அதை மட்டும் எழுது. அடுத்த வண்டியில ஏறிடறேன்" என்று. அதற்கு நான், வெயில் வந்துவிட்டது, வர வேண்டாம் என்று பதில் போட்டேன். அது பொய். போன மாதம், பாகுன் ஆறாம் தேதி, இரண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு, விரல் விறைக்க விறைக்க உட்கார்ந்து அந்தப் பொய்யை எழுதினேன்.

இந்த வருஷம் பாகுன் மாதம் எப்படி இருந்தது தெரியுமா? மாதம் முழுக்கக் குளிர்ந்த மேல்காற்று. கடுகு பூத்து வயலெல்லாம் மஞ்சள். கோதுமை இடுப்பளவு நின்று நாளெல்லாம் அசைந்துகொண்டிருந்தது. மத்தியானத்தில்கூட வெயிலில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்ளலாம். உங்கள் நெஞ்சுக்கென்றே செய்த காற்று.

ஏன் எழுதினேன் என்று கேட்பீர்கள். உங்கள் கடிதம் வந்த அன்று உங்கள் அண்ணன் முற்றத்துக்கு வந்தார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். தம்பி பெண்டாட்டியிடம் அவர் எப்போது நேராகப் பேசியிருக்கிறார்? சுவரைப் பார்த்துக்கொண்டு தன் பெண்டாட்டியிடம், அக்காவிடம் சொல்வதுபோல் எனக்குச் சொன்னார்: "அவன் வந்து நாலு பேர் நடுவுல இருமினான்னா, சம்பந்தி வீட்டுக்காரன் அப்படியே வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவான். தீபோவோட போகாது, நாளைக்கு மிந்தோவுக்கும் எவன் வருவான்? வெயில் வந்துருச்சுன்னு எழுதச் சொல்லு." நானும் சுவரைப் பார்த்தாவது பதில் சொல்லியிருக்க வேண்டும். மிந்தோ பெயரைக் கேட்டதும் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர்மேல் மட்டும் பழியைப் போட மாட்டேன். எழுதிய கை என்னுடையது.

கல்யாணம் முடிந்த மறுநாளே உண்மையை எழுதியிருக்கலாம். இரவல் வாங்கின பாத்திரங்களைத் திருப்புவதும் விருந்தாளிகளை வண்டி ஏற்றுவதுமாக நான்கு நாள் போயிற்று. அந்த நான்கு நாளில் காற்று நின்றுவிட்டது. ஐந்தாம் நாள் காலையில் ஜாடியைத் திறந்தால், கட்டியாக இருந்த நெய் உருகித் தண்ணீராக நிற்கிறது. ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அக்கா வந்து பார்த்துவிட்டு, "நெய் உருகினதுக்கு அழுற பொம்பளைய இப்பத்தான் பாக்குறேன்" என்றாள். அப்புறம் புரிந்துகொண்டு அவளும் உட்கார்ந்துவிட்டாள். இப்போது பத்து மணிக்கே கண் கூசுகிறது. பால் பிடிக்கும் முன்னே கோதுமை மஞ்சளாகிறது. மணி சூம்பிப்போகும் என்கிறார்கள். எனக்கு அந்தக் கவலைகூட வரவில்லை.

போன வாரம் டாக்டர் உங்கள் அண்ணனுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். வாசலில் நின்றபடி படித்தவர், மடித்துத் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டார். அன்று சாப்பிடவில்லை. அவர் குளிக்கும்போது கழற்றி வைத்த தலைப்பாகையிலிருந்து எடுத்து நானும் படித்தேன். அதில் இருந்ததை எழுத எனக்குக் கை வராது. மழை முடிந்து மறுபடி குளிர் வரும்போது ஊருக்குப் போகலாம் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாராம். அந்தக் குளிர்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

அதனால் வந்துவிடுங்கள். இந்த வெயிலில் பயணம் உங்களை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். கிணற்றடி அறையை உங்கள் அண்ணன் தன் கையாலேயே சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறார். ஸ்டேஷனுக்கு அவரே வண்டி கட்டிக்கொண்டு வருவார். பிள்ளைகளை எட்ட நிறுத்தித்தான் காட்டுவேன், அதில் கோபித்துக்கொள்ளக் கூடாது. என்னைத் திட்டுவதானால் வந்து திட்டுங்கள். மலையிலிருந்து திட்டினால் எனக்குக் கேட்காது.

இரண்டாவது தாளை டாக்டரிடம் கொடுங்கள். அவரும் லூதியானாக்காரர்தானே, இந்நேரம் இங்கே எப்படி இருக்கும் என்று தெரியாதவரா? தெரிந்தும் கையெழுத்துப் போடுவார் என்று நினைக்கிறேன்.

உங்கள்
பசந்த் கௌர்

(இரண்டாவது தாள்)

மதிப்பிற்குரிய டாக்டர் சாகிப் அவர்களுக்கு,

பதினேழாம் நம்பர் கட்டில் நோயாளியின் மனைவி பணிவுடன் எழுதிக்கொள்வது. அவர் பெயரை நான் எழுதுவது வழக்கமில்லை, மன்னிக்கவும்.

எங்கள் பக்கத்தில் இந்த வருஷம் குளிர் இன்னும் விடவில்லை. முன்பு வெயில் என்று எழுதியது நான் தெரியாமல் செய்த பிழை. இங்கே இன்னும் குளிர்காற்றுதான் வீசுகிறது. புழுதி இல்லை. பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் விளையாடுகிறார்கள். ஆகையால் தயவு செய்து அவரை இருபது நாள் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

உங்கள் கை பட்டவர்கள் எல்லோரும் நலமாக வீடு போய்ச் சேரட்டும். உங்கள் பிள்ளைகள் நீண்ட நாள் வாழட்டும். வெயில் தொடங்கியதும் அவரை நாங்களே பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுகிறோம்.