நாற்பத்தொன்றைத் தடுத்த என் மகளுக்கு

அன்புள்ள லரிசா,

நானும் உன் அப்பாவும் சுகம். சுவீடன் குளிரிலும் நீ நலமாக இருக்க வேண்டும் என்று கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே கனடாவில், நம் சஸ்காட்சுவானில் மைனஸ் முப்பது, காரைக் கிளப்புவதற்குள் உன் அப்பா மிரோன் பாதி ஆளாகிவிடுகிறார்.

போன வாரம் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் உன் கோலை நோக்கி வந்த நாற்பத்தொரு அடியை நீ தடுத்ததைச் சொல்லும்போது, அடுப்பில் கிழங்கு பொங்குகிறது என்று போனை வைத்தேனே, அடுப்பில் எதுவும் இல்லை. அதற்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்து ஐஸ் அரங்கத்தில் எல்லாரும் காப்பி குடித்தோம். சுவரில் நம் ஊர் கோல் கீப்பர்கள் படத்தை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள், கடைசியில் நீ. அந்தக் காலத்து ஆள் பெரியவனா இந்தக் காலத்து ஆளா என்று வழக்கம்போலச் சண்டை. என் வயசுக்காரன் வால்ட்டர் என்னைப் பார்த்து, "ஸ்டெஃபா, நீயே சொல்லு, அப்ப நின்னவங்க யாராவது உன் பொண்ணு கால் தூசிக்கு வருவாங்களா?" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடம்பெல்லாம் மெத்தையைக் கட்டி நிறுத்தினால் மரக்கட்டைகூட கோல் தடுக்கும் என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், உன் அப்பாவைத் தவிர. வண்டியில் வரும்போது, "அது நம்ம பொண்ணுடி" என்றார், அவ்வளவுதான்.

உனக்கு நான் சொன்னதே இல்லை. பதினோரு வயதில் முடியை ஒட்ட வெட்டி, ஸ்டீவ் என்று பெயர் கொடுத்து, பையன்கள் அணியில் ஏழு ஆட்டம் நான் கோலில் நின்றேன். முகமூடி கிடையாது, ஐஸில் விழுந்தால் பல் போகும் என்று பயிற்சியாளர் நிற்க வைத்தே ஆட வைப்பார். ஏழாவது ஆட்டத்தில் புருவம் கிழிந்தது, தையல் போட்ட ஆஸ்பத்திரியில் பெண் என்று தெரிந்துபோய், அணியை விட்டு அனுப்பிவிட்டார்கள். மறு வாரம் எனக்குப் பதில் நின்ற பையன் ஒன்பது கோலை உள்ளே விட்டான். மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்த எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பாவம்தான்.

நேற்று உன் ஆட்டத்தைக் கணினியில் போட்டு, ஒவ்வொரு அடிக்கும் கூடத்தில் எழுந்து நின்று பார்த்தேன். நாற்பத்தொன்றில் இருபத்தாறை நானும் தடுத்திருப்பேன். மற்றதற்கு நீ முழங்காலில் சரிந்து இரண்டு பக்கமும் காலை விரித்து அடைத்தாயே, அது என்னால் ஆகாது. மெத்தை அதைச் செய்யவில்லை, நீ செய்தாய். வயிறு எரிய எரியக் கை தட்டினேன்.

இன்று வால்ட்டரிடம் போய், என் பெண்தான் பெரிய ஆள், ஆனால் ஏழாவது ஆட்டத்தோடு என்னை வெளியே அனுப்பியவர்கள் யார் பெரியவர் என்ற கணக்கை என்னிடம் கேட்கக் கூடாது என்றேன். அவனும் அந்த அணியில் ஆடியவன்தான். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "உனக்காக நாங்க ஒருத்தரும் வாய தொறக்கல, ஸ்டெஃபா" என்றான். ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் அதைச் சொன்னார்.

இடது முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்க மறக்காதே, வெறும் ரொட்டியோடு நிறுத்தாதே. கர்த்தர் உன்னைக் காக்கட்டும். பொறாமை இன்னும் தீரவில்லை, அதனால் இனி பேசும்போது நீ விட்ட கோல்களையும் கொஞ்சம் சொல்லு.

உன் அம்மா,
ஸ்டெஃபா, கோல் கீப்பர்