நீல வெளிச்சத்தில் மூணு நாள்

நவம்பர் 12, புதன்

காலையிலிருந்து தூறல். தச்சநல்லூர் கடைக்கு லீவு சொல்லியாச்சு. வாங்க வேண்டியது: டயப்பர் (இருக்கதிலேயே சின்னது), சபீனாவுக்கு ரொட்டி, சீப்பு.

மகள் பிறந்து மூணாம் நாள். ஏழு வாரம் முந்தி வந்துட்டா. மஞ்சள் காமாலை கூடிப்போச்சுன்னு நீல விளக்குக்கு அடியில் போட்டிருக்காங்க. கண்ணுக்குத் துணிக்கட்டு. உள்ளங்கால் ரெண்டும் செக்கச்செவேல். காய்ச்சலோன்னு பயந்துட்டேன். இல்லையாம். அந்த வெளிச்சம் பட்டா தோலுக்கடியில் ரத்தக்குழாய் விரியும், ரத்தம் அங்கன கூடுதலா ஓடும்னு நர்ஸ் சொன்னாங்க.

சபீனா பிரசவ ஆபரேஷன் முடிஞ்சு மாடி வார்டில். இன்னும் இறங்கி வர முடியல.

நவ. 13, வியாழன்

மழை இல்ல. டாக்டரம்மா கூப்பிட்டு உட்காரச் சொன்னாங்க. பிள்ளை நெஞ்சில் ஒரு சத்தம் கேக்குதாம். இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழாய், பிறந்ததும் மூடிக்கணும், மூடல. குறைமாசப் பிள்ளைக்கு இது உண்டாம். வெளிச்சத்தால் அது மூட இன்னும் தாமதிக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாதுன்னாங்க. விளக்கை நிறுத்திரலாமான்னு கேட்டேன். கூடாது, மஞ்சள் மூளைக்கு ஏறினா அதைவிட ஆபத்து. நாளைக்கு எக்கோ, இதயத்துக்கு எடுக்கிற ஸ்கேன்.

சபீனாகிட்ட சொல்லல. பிள்ளை கை காலை நல்லா ஆட்டுதுன்னு மட்டும் சொன்னேன். பொய் இல்ல. முழுசும் இல்ல. அவ ரொட்டியைப் பிச்சுப் பிச்சு வச்சா, திங்கல.

நவ. 14, வெள்ளி

ஜும்ஆ தொழுகையில் என்ன ஓதினேன்னே நினைவில்ல. யார் செருப்பையோ போட்டுட்டு வந்துட்டேன்.

மூணு மணிக்கு எக்கோ. டாக்டரம்மா முகத்தில் ஒண்ணும் தெரியல. திரையை என் பக்கம் திருப்பி, "மூடிக்கிட்டு வருது. நூல் அளவுதான் மிச்சம், மருந்து வேண்டாம்." மஞ்சளும் இறங்குதாம்.

படி ரெண்டு ரெண்டா ஏறினேன். சபீனாகிட்ட எல்லாத்தையும் கொட்டினேன், மறைச்சதையும் சேத்து. அவ பைய சிரிச்சா. தாய்ப்பால் வாங்க வந்த நர்ஸ் நேத்தே சொல்லிட்டாங்களாம்.

"நீங்க தாங்க மாட்டியன்னுதான் மச்சான் நான் சொல்லல."

ரெண்டு பேரும் அழுதோம். பக்கத்துக் கட்டில் அக்கா பதறிட்டாங்க. நல்ல சேதிதான்னு சொல்லியும் நம்பல.

நவ. 15, சனி

சுள்ளுன்னு வெயில். பத்து மணிக்கு விளக்கை அணைச்சாச்சு. ஆறு வாரத்தில் மறுபடி எக்கோ. செருப்பைப் பள்ளிவாசலில் வச்சுட்டு வரணும்.

சக்கர நாற்காலியில் சபீனாவைக் கீழே கூட்டிப் போனேன். கண்கட்டை அவிழ்த்து, பிள்ளையை அவ நெஞ்சோட வச்சாங்க. முழு முகத்தை இன்னைக்குத்தான் பாக்கேன். என்ன பேர்னு நர்ஸ் கேட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம், ஆளுக்கொரு பேர் சொன்னோம்.